பச்சைமலை அடிவாரத்தில் ஓர் எரிமலை

சென்ற மாதம் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மேடம், உங்க சர்வீஸ்ல எத்தனை எரிமலை வெடிப்பை முன்கூட்டியே சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்லம்மா. ஒரே ஒரு எரிமலை வெடிக்காதுன்னு சொல்லியிருக்கேன்” என்றேன்.

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது. அந்த நேரத்தில், முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அடக்கமாக இருக்க எனக்கு உத்தேசம் இல்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அரசு நிலவியல் துறையில் வேலை கிடைத்து, எரிமலை ஆய்வுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். “ஊர்ல பேங்க், ஸ்கூல்னு எவ்வளவோ வேலை இருக்கு. உனக்கு மட்டும் ஏண்டி நெருப்புல போய்த் தலையைக் குடுக்கற வேலை?” என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். அவர் ரயில்வே பணிமனையில் இருந்தவர். “மலையில வேலை பாக்கறது பெரிய விஷயமா மாமி? நானும் பொன்மலையிலதான் வேலை பாக்கறேன்” என்பார்.

பயிற்சி வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தகம் படித்தோம், வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்குப் போய் நாலைந்து மாதம் கந்தகப் புகையில் இருமினோம், கருவிகளைத் தூக்கித் தோள் காய்த்தது. வேலையைக் கற்றது அதற்கப்புறம், அந்தமான் கடலில்.

அங்கே மனிதர் குடியில்லாத ஒரு தீவு புகைந்துகொண்டிருக்கிறது. கப்பலில் போய், அலை ஒத்துக்கொண்டால் படகில் கரை ஏறி, கருவிகளை வைத்துவிட்டு வருவோம். எரிமலை ஆய்வு என்றதும் எல்லோரும் கொதிக்கும் குழம்பின் விளிம்பில் வெள்ளி உடையோடு நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வைத்தியர் நாடி பார்க்கிற வேலை. பூமிக்கு அடியில் குழம்பு மேலே ஏறும்போது பாறை விரிசல் விடும். அதனால் சின்னச் சின்ன அதிர்வுகள் வரும், அதை நில அதிர்வுக் கருவி பதியும். மலையின் வயிறு லேசாக உப்பும், அதைச் சாய்வுமானி காட்டும். துவாரங்களில் வரும் வாயுவின் சேர்மானம் மாறும், வெப்பம் கூடும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. எல்லாம் ஒரே திசையில் கை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் குழுத் தலைவர் ஆரோக்கியசாமி சார், லால்குடிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. படகோட்டியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் ‘வாங்க, போங்க’தான். ஆனால் மனிதர் விடாக்கண்டர். கப்பலில் சாப்பாடு முடிந்ததும் அன்றைய பதிவுகளை மேசையில் விரிப்பார். யார் என்ன கண்டுபிடித்தார்களோ அவர்கள் பேச வேண்டும். பிறகு இன்னொருவர் பக்கம் திரும்பி, “இன்னைக்கு மறுப்பு உங்க முறைங்க” என்பார். அப்படி முறை வந்தவர், தனக்குச் சம்மதமோ இல்லையோ, அந்த முடிவு தப்பு என்று வாதாடித் தீர வேண்டும். ஒப்புக்குச் சப்பாணியாக ஏதோ சொன்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இது போதாதுங்களே” என்பார். அந்த ‘போதாதுங்களே’வுக்கு நாங்கள் கடலைவிட அதிகமாகப் பயந்தோம்.

இன்னொரு கட்டளையும் உண்டு. தீவில் பள்ளமான இடத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. எரிமலை விடுகிற கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். குனிந்தால் ஆள் அவ்வளவுதான். “மேட்டுல உக்காருங்க, வெயில் அடிச்சா அடிக்கட்டும்” என்பார்.

ஒரு தடவை எல்லாக் கருவிகளும் அமைதியாக இருந்தன. அதிர்வுகள்கூடக் குறைந்துவிட்டன. இன்னும் ஒரு நாள் தங்கிக் கூடுதல் மாதிரிகள் எடுக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அன்றைக்கு மறுப்பை சாரே எடுத்துக்கொண்டார். “வாயு குறைஞ்சிருக்கு, அதிர்வும் குறைஞ்சிருக்கு. மலை தூங்குதுன்னு நீங்க சொல்றீங்க. வாய் அடைச்சுக்கிட்டிருக்குன்னு நான் சொல்றேன். பொட்டியைக் கட்டுங்க” என்றார். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். கப்பல் விலகி நின்ற பிறகு, நாங்கள் கூடாரம் போட்டிருந்த கரையின் மேல் கற்கள் மழையாகக் கொட்டுவதைத் தளத்தில் நின்று பார்த்தோம். சார், “எல்லாரும் இருக்கீங்களா?” என்று தலைகளை எண்ணினார். அந்த வெடிப்பைச் சொன்னவர் அவர். அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

என் கணக்கில் உள்ளது இதுதான்.

பணி ஓய்வுக்கு முந்தைய கடைசி இடமாற்றம் திருச்சிக்கே கிடைத்தது. மன்னார்புரத்தில் மாடியில் ஒரு சிறிய அலுவலகம். எரிமலைக்காரிக்கு அங்கே என்ன வேலை? கிணற்று நீர் மட்டம், கல் குவாரி ஆய்வு, இவைதான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எனக்கு ஒரு நாள் அவல் கிடைத்தது. தாசில்தார் போன் செய்தார். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூரில், வயல் வரப்பிலிருந்து புகை வருகிறது, கருப்பாகக் குழம்பு கொப்பளிக்கிறது, ஊரே எரிமலை என்கிறது, ஒரு வீடியோ செல்போன் செல்போனாகப் பரவிவிட்டது என்றார்.

“நம்ம பக்கம் எரிமலை வர வாய்ப்பே இல்ல சார். இங்க இருக்கறது ரொம்பப் பழைய பாறை, கெட்டிப் பாறை” என்றேன்.

“நீங்க சொல்றது சரி மேடம். ஆனா வீடியோவுல கல்லு உருகுது. ஊரைக் காலி பண்ணவா வேண்டாமான்னு மத்தியானத்துக்குள்ள நான் சொல்லணும். நேர்ல வாங்க.”

என் கீழே வேலை பார்த்த சலீமும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். சலீம் கெட்டிக்கார இளைஞர். கணினியில் அவர் விரல் ஓடும் வேகத்துக்கு என் கண் ஓடாது.

போய்ப் பார்த்தால், வீடியோ பொய் சொல்லவில்லை. மரவள்ளி வயலின் ஓரம் ஒரு வரப்பு. வரப்பை மூடி சீமைக்கருவேலம் புதராக மண்டியிருந்தது. புதரின் காலடியில் மண் பிளந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று கனன்றது. ஓரத்தில் கண்ணாடி மாதிரி கருப்பாக ஒரு குழம்பு வழிந்து உறைந்திருந்தது. தூரத்திலிருந்தே வெப்பமானி பிடித்தேன். அடுப்பு நெருப்பெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக என் படிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த வயல் பாப்பாத்தி என்ற பெண்ணுடையது. அவளுடைய வீடும் ஆட்டுப்பட்டியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவள்தான் முதலில் புகையைப் பார்த்தவள். முந்தின நாள் அவளுடைய இரண்டு ஆடுகள் அந்த வரப்பில் மேயும்போதே விழுந்து செத்திருந்தன. காயம் இல்லை, நுரை இல்லை.

சலீம் என்னை ஓரமாக அழைத்துப் போனார். “மேடம், உருகின பாறை, புகை, காரணம் தெரியாம செத்த ஆடு. நம்ம பாடப் புத்தகத்துல இருக்கற படமே இதுதானே? கரியமில வாயுவா இருந்தா ஜனங்களை உடனே நகர்த்தணும்.”

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. “அப்ப மறுப்பு என் முறை” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வாயு கண்டறியும் கருவியைப் பள்ளமான இடங்களில் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். காற்று சுத்தமாக இருந்தது. ஆனால் வாயு விட்டுவிட்டும் வரக்கூடும், அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. சலீமை நில அதிர்வுக் கருவியை நடச் சொல்லிவிட்டுப் பாப்பாத்தியிடம் போனேன். அவள் வீட்டு வாசலில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பி, பெண்கள் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார்கள். வேப்பிலைக் கொத்து குவிந்து கிடந்தது.

“இது எதுக்குங்க?” என்றேன்.

“ஆத்தா கோவமா வந்து எறங்கியிருக்காங்க. ஊரே சேந்து குடம் எடுத்துக் குளிர வெக்கப் போறோம். மொதக் குடம் என்னுது. என் நெலத்துலதானே வந்திருக்கா” என்றாள்.

“ஆடு செத்தப்ப பக்கத்துல வேற ஏதாவது இருந்துச்சா?”

“கோழிங்க இருந்துச்சு. வரப்புக்குக் கீழ பள்ளத்துல கெளறிக்கிட்டிருந்துச்சு. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. இந்தா திரியுதே.”

நான் கோழிகளைப் பார்த்தேன். பிறகு வரப்பைப் பார்த்தேன். கனமான வாயு தேங்கியிருந்தால், பள்ளத்தில் மூக்கைத் தரையில் வைத்துக் கிளறும் கோழிதான் முதலில் சாக வேண்டும். மேட்டில் நின்ற ஆடு பிழைத்திருக்க வேண்டும். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது.

“நீங்க கிட்டப் போனீங்களா?”

“போனேன். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, சூடம் காட்டலாம்னு போனேன். காலுலேருந்து உடம்பெல்லாம் சுளீர்னு இழுத்துச்சுங்க. ஆத்தா தொட்ட மாதிரி. அதுக்கு மேல போவ முடியல.”

சலீமிடம் ஓடினேன்.

“மேடம், அதிர்வு ஒண்ணும் இல்ல. கோடு சுத்தமா இருக்கு” என்றார்.

“மெயின்ஸ் ஃபில்டரை எடுத்துட்டீங்களா?”

“அது எப்பவும் போட்டே இருக்குமே மேடம்.”

இதை எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் எங்கள் கருவியில் ஒரு ரீங்காரம் ஏறிவிடும். டியூப்லைட் போடுகிற ‘உம்’ சத்தம் மாதிரி. அது எங்களுக்கு வேண்டாத இரைச்சல். அதனால் அந்த ஒரு ரீங்காரத்தை மட்டும் வடிகட்டி எறிந்துவிட்டு மீதியைப் பார்ப்பது எங்கள் வழக்கம். இப்போதைய மென்பொருள் நம்மைக் கேட்காமலேயே அதைச் செய்துவிடுகிறது. உலகத்தில் வேறு யாருக்கும் வராத தப்பு இது. கூடத்தைப் பெருக்கும்போது திருடனையும் சேர்த்துக் குப்பையில் தள்ளிவிடுவோம்.

“எடுங்க” என்றேன்.

எடுத்தார். திரை முழுவதும் கோடு தடித்து நிரம்பியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரே சுருதி. எரிமலையின் அதிர்வு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அது முனகும், விட்டுவிட்டு வரும். கருவியை வரப்பின் பக்கம் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். ரீங்காரம் வீங்கியது. விலக்கச் சொன்னேன், சுருங்கியது.

சலீம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பூமிக்குள்ள கரண்ட் போகுது மேடம்” என்றார்.

புதரைச் சுற்றி வந்து, தள்ளி நின்று பார்த்தேன். வயலுக்கு அந்தப் பக்கம் உயர் அழுத்த மின்கம்பம். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி சரிந்து வந்து கருவேலத்துக்குள் மறைந்து, சரியாக அந்தக் கனலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறங்கியது. ஆடு செத்ததற்கும் காரணம் விளங்கிவிட்டது. மின்சாரம் ஓடும் தரையில் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆபத்து. ஆடு காலை அகட்டி நின்றது, செத்தது. கோழிக்குக் கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அதுவும் விலகி நின்றது, பிழைத்தது. பாப்பாத்தி பிழைத்ததற்கு ஒரே காரணம் மண் காய்ந்து கிடந்ததுதான். இனி அந்த மண்ணை நனைக்கப் போகிறார்கள். செருப்பில்லாத காலோடு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும்.

அந்த நேரத்தில்தான் பம்பை ஒலித்தது. குடங்கள் கிளம்பிவிட்டன.

தாசில்தாரும் மின் துறை உதவிப் பொறியாளரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் பொறியாளர் தலையை ஆட்டினார். நல்ல மனிதர், ஆனால் தன் கருவியை நம்புகிறவர். “சப்-ஸ்டேஷன்ல ஒண்ணுமே காட்டல மேடம். லைன் தரையைத் தொட்டா தானா டிரிப் ஆகி நின்னுடும். ஆகலையே.”

“இது காஞ்ச பாறை மண்ணு சார். கரண்ட் முக்கி முக்கித்தான் போகுது. பிரேக்கருக்குத் தெரியற அளவுக்குப் போகல. கல்லை உருக்கற அளவுக்குப் போகுது. லைனை நிறுத்துங்க.”

“சும்மா நிறுத்த முடியாதுங்க. எத்தனை மோட்டார் ஓடுது, ஆஸ்பத்திரி இருக்கு. நீங்க சொல்றது தப்பா இருந்துச்சுன்னா?”

“தப்பா இருந்தா அது எரிமலை. அப்ப மோட்டாரைப் பத்தி யாரும் கவலைப்படப் போறதில்ல. என் பேரைச் சொல்லி நிறுத்துங்க.”

தாசில்தார் அவரைப் பார்த்து, “செய்யுங்க, நான் பொறுப்பு” என்றார். பொறியாளர் போனை எடுத்தார். நான் காத்திருக்கவில்லை. வரப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். அந்த வயதில், அந்தப் பூட்சில், நான் அப்படி ஓடியிருக்கக் கூடாது. முழங்கால் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறது. மூச்சு வாங்க, பாதையை அடைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

முன்னால் பாப்பாத்தி. தலையில் குடம், குடத்தின் வாயில் வேப்பிலை. பம்பை நின்றது.

“வழி வுடுங்கம்மா. ஆத்தாளைத் தடுக்காதீங்க.”

“தடுக்கல. கொஞ்ச நேரம் நில்லுங்கன்னுதான் கேக்கறேன். அங்க எரியறது கரண்ட்டு. இப்ப லைனை நிறுத்தப் போறாங்க. நிறுத்தினா புகை அடங்கும். அடங்கலைன்னா, நான் சொன்னது பொய்யின்னு வெச்சுக்குங்க. நானும் ஒரு குடம் எடுத்துக்கிட்டு உங்க பின்னாடியே வரேன்.”

கூட்டத்தில் ஒரு கிழவர், “படிச்சவங்க எதுக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பாங்க” என்றார். யாரோ சிரித்தார்கள். பாப்பாத்தி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு குடத்தை இறக்காமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.

பொறியாளர் தூரத்திலிருந்து கையை உயர்த்தினார். லைன் நின்றுவிட்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. புகை அப்படியே எழும்பியது. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காத்திருப்பு வேறு இல்லை. வாய் திறந்து சொல்லியாகிவிட்டது, இனி விழுங்க முடியாது. கருவியின் பக்கத்திலிருந்து சலீமின் குரல் வந்தது.

“மேடம், கோடு படுத்துடுச்சு. ரீங்காரம் கொஞ்சம்கூட இல்ல.”

திரையைப் பார்க்காத ஊருக்கு அது போதாது. ஆனால் சிறிது நேரத்தில் புகை மெலிந்தது. நூலானது. காற்றில் ஒரு தடவை அலைந்து, அறுந்தது. செக்கச்செவேல் என்றிருந்த வாய் மங்கி, கருத்து, வெறும் கல்லானது. எனக்குக் கூச்சலிட வேண்டும் போல இருந்தது. அரசாங்க அதிகாரி என்ற நினைப்பு வந்து தடுத்துவிட்டது. சலீமுக்கு அந்தத் தடை இல்லை, விசில் அடித்துவிட்டார். அந்தக் கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடங்கிருச்சுய்யா” என்றார்.

பிறகு ஊழியர்கள் கம்பத்தில் ஏறிப் பார்த்தார்கள். கோடை இடியில் மின்கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கான் வெடித்து, மின்கம்பி இரும்புச் சட்டத்தில் படிந்து கிடந்தது. அங்கிருந்து அந்த இழுகம்பி வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அதைப் புதிதாக மாற்றினார்கள். பொறியாளர் நேரே என்னிடம் வந்து, “நிறுத்தச் சொன்னது நல்லதாப் போச்சுங்க மேடம்” என்றார். தாசில்தார் ஊரைக் காலி செய்ய வரவழைத்திருந்த வேன்களைத் திருப்பி அனுப்பினார். உருகி உறைந்த கல்லை உடைத்துப் பார்த்தேன். உள்ளே அந்த வயலின் மணல்தான், பாதி உருகி, பாதி உருகாமல். பூமியின் ஆழத்திலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஆனால் குடங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான் என்று பெண்கள் பாதை ஓரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. வெயில் தாழும்வரை லைனை மறுபடி போடக் கூடாது என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டு, கல் ஆறும்வரை நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். வெப்பமானி சம்மதம் சொன்ன பிறகு, முதலில் நானே போய்ப் பூட்சைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். அதன் பிறகுதான் அவர்களைக் கூப்பிட்டேன்.

பாப்பாத்தி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள். “காலையில நான் ஊத்தியிருந்தேன்னா என்னங்க ஆயிருக்கும்?”

அவளிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. “ஆட்டுக்கு ஆனதுதாங்க. உங்களுக்கும், உங்களைத் தூக்க வந்தவங்களுக்கும்.”

அவள் திரும்பி, வரிசையாக நின்றவர்களைப் பார்த்தாள். அதில் அவள் மகள் இருந்தாள், நாத்தனார் இருந்தாள். பிறகு கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, குடத்தை வரப்பில் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் கல்லின் மேல் ஓடி, மண்ணில் இறங்கி, அவள் பாதத்தை நனைத்தது. அவள் அசையாமல் நின்றாள்.

“ஒண்ணும் இழுக்கலைங்க” என்றாள்.

பின்னால் குலவைச் சத்தம் எழுந்தது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஊற்றினார்கள், விலகினார்கள். கடைசிக் குடம் கவிழும்வரை நான் நகரவில்லை. அன்று அந்த வரப்புக்குக் குடம் சுமந்து வந்த பெண்கள் அத்தனை பேரும், ஈரக் காலோடு, தங்கள் காலாலேயே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.